கங்கை கொண்டவர் ஒருவர், குடம் சுமந்தவர் வேறொருவர்

அரியலூர் மாவட்டத்தில், கொள்ளிடத்தின் வடகரைப் பக்கம் காமரசவல்லி என்றொரு ஊர் இருக்கிறது. அந்த ஊர்க் கோயில் கல்வெட்டு ஒன்றில், முதலாம் இராஜேந்திர சோழன் காலத்து ஊர்ச்சபை ஒரு கூத்தரோடு செய்துகொண்ட ஏற்பாடு பதிவாகியிருக்கிறது. கூத்தர் பெயர் சாக்கை மாராயன் விக்கிரமசோழன். வேலை சாக்கைக் கூத்து ஆடுவது. மார்கழித் திருவாதிரைக்கு மூன்று தடவை, வைகாசித் திருவாதிரைக்கு மூன்று தடவை. ஆக ஆண்டுக்கு ஆறு ஆட்டம். கூலி? நிலம். பொன்னாடை இல்லை, கேடயம் இல்லை, "கலைமாமணி" என்று ஒரு தாளும் இல்லை. உழுதால் சோறு போடுகிற நிலம்.

இதைப் படித்ததும் எனக்கு ஒரு யோசனை. நாமும் ஒரு புது நாடகம் போட்டால் என்ன? களம் பக்கத்திலேயே இருக்கிறது: கங்கைகொண்ட சோழபுரம். சுமார் 250 ஆண்டுகள் சோழர்களின் தலைநகரம். எவ்வளவு பெரிய தலைமை அலுவலகம்! அப்படியொரு அலுவலகம் இருந்தால் அங்கே மேலதிகாரி இருந்திருப்பார், எடுபிடி இருந்திருப்பார், ஒருவர் செய்த வேலைக்கு இன்னொருவர் மாலை வாங்கியிருப்பார். கரு கிடைத்துவிட்டது: வேலையிடத்து அநியாயம். நாடகத்துக்கு இன்னும் பேர் வைக்கவில்லை. பேர் வைப்பவருக்கும் பரிசு உண்டு.

ஆம், பரிசு. புது நாடகம் என்றால் பரிசுப் போட்டி இல்லாமல் கூட்டம் வராது. கீழே நான்கு கேள்விகள். விடை தெரிந்தவர்கள் அஞ்சலட்டையில் எழுதி அனுப்பலாம். குழுவின் தீர்ப்பே இறுதியானது. கடிதப் போக்குவரத்து கிடையாது. சோழ அரச குடும்பத்தினரும் அவர்களது உறவினரும் போட்டியில் கலந்துகொள்ள முடியாது. அவர்கள் ஏற்கெனவே எல்லாப் பரிசையும் வாங்கிவிட்டார்கள்.

முதல் கேள்வி: கங்கையைக் கொண்டவர் யார்?

"இராஜேந்திர சோழன்" என்று எழுதியவர்கள் அஞ்சலட்டையைத் திருப்பி வாங்கிக்கொள்ளவும்.

நடந்தது இதுதான். 1022, 1023 வாக்கில் சோழர் படை வடக்கே கிளம்பியது. ஒட்ட நாடு, தென்கோசலம், தண்டபுத்தி, தென்லாடம், வங்காளம் என்று வழியில் அகப்பட்ட நாட்டையெல்லாம் ஒரு கை பார்த்தது. மழை ஓயாத வங்காளத்தில் கோவிந்தசந்திரன் என்ற அரசன் யானையிலிருந்து இறங்கி ஓடினான் என்று மெய்க்கீர்த்தி சொல்கிறது. யானை மேல் இருந்தபடியே ஓடியிருக்கலாமே என்று கேட்கக் கூடாது. பதற்றத்தில் எதுவும் தோன்றாது.

இந்தப் படையை நடத்திப் போனது படைத்தலைவர். கங்கைக் கரைக்குப் போனதும் அவர்தான், தண்ணீர் மொண்டதும் அவர் ஆட்கள்தான். நம் கதாநாயகன் அப்போது எங்கே? திருவாலங்காட்டுச் செப்பேடு ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லிவிடுகிறது: கோதாவரிக் கரையில். அதாவது பாதி வழி. படைத்தலைவர் கங்கை நீரோடு திரும்பி வந்து அங்கேதான் மன்னரைச் சந்தித்தார். ஆனால் பட்டம் யாருக்கு? கங்கைகொண்டான். ஊருக்கு என்ன பேர்? கங்கைகொண்ட சோழபுரம். "கோதாவரி வரை போன சோழபுரம்" என்று வைத்திருந்தால் உண்மையாக இருந்திருக்கும். ஆனால் பலகையில் இடம் போதாது.

நாடகத்தின் முதல் காட்சியை இங்கே வைக்கலாம். மேடையில் ஆறு. ஒரு பக்கம் கூடாரம். படைத்தலைவர் வந்து வணங்குகிறார்.

"உடையார் திருவடிக்கு வணக்கம். கங்கை நீர் வந்து சேர்ந்தது."

"நல்லது. நாம் கங்கை கொண்டோம் என்று ஓலை எழுதச் சொல்லும்."

"நாம் என்றால்..."

"நாம் என்றால் நாம்தான். நீர் போனீர், நாம் போகச் சொன்னோம். போகச் சொல்வதுதான் கடினம்."

படைத்தலைவர் வாயை மூடிக்கொள்கிறார். அவருக்கு இன்னும் நாலைந்து படையெடுப்பு பாக்கி இருக்கிறது.

அந்தத் தண்ணீரைச் சுமந்தது யார் என்பது இன்னும் சுவாரசியம். தோற்றுப்போன மன்னர்களின் தலையில் குடத்தை ஏற்றிக் கொண்டுவந்தோம் என்று சோழர் சாசனங்கள் பெருமை அடித்துக்கொள்கின்றன. யோசித்துப் பாருங்கள். நேற்றுவரை குடை பிடிக்க ஆள், சாமரம் வீச ஆள், வெற்றிலை மடித்துத் தர ஆள் என்று இருந்த மனிதர். இன்று தலையில் குடம். போக்குவரத்துப் படி கிடையாது. வழியில் சிந்தினால் யார் கணக்கில் எழுதுவது என்று தெரியாது. திரும்பிப் போய் நிரப்பிக்கொண்டு வரவும் முடியாது. மேடையின் இடது ஓரத்தில் இரண்டு மன்னர்கள், அவரவர் பாஷையில்:

"அண்ணே, கழுத்து போச்சு. இன்னும் எவ்வளவு தூரம்?"

"சோழநாடு வரைக்கும்னு சொன்னாங்க."

"அங்க ஆறே கிடையாதா?"

"காவேரி இருக்காம். கொள்ளிடம் இருக்காம். வெள்ளாறும் இருக்காம்."

"அப்புறம் எதுக்குண்ணே இந்தத் தண்ணி?"

"மெதுவா பேசுப்பா. பின்னாடி வர்றவன் குடத்தை நம்ம தலையில வச்சிருவான்."

அந்தக் கேள்விக்கு இன்றுவரை யாரும் பதில் சொல்லவில்லை. வந்த நீரை இராஜேந்திரன் தான் வெட்டிய ஏரியில் விட்டான். சோழகங்கம் என்று பேர். இன்று பொன்னேரி என்கிறோம். இதைச் செப்பேடு "நீராலான வெற்றித்தூண்" என்கிறது. வெற்றித்தூணைத் தண்ணீரில் நட்டவர் உலகத்திலேயே இவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும். ஒப்பந்தக்காரர்களுக்கு இதைவிட இனிப்பான திட்டம் கிடையாது. கல் வாங்க வேண்டாம், சுண்ணாம்பு வாங்க வேண்டாம், சித்திரை வெயிலில் தூண் பாதி ஆவியாகிவிடும், தணிக்கைக்கு வருகிறவர் எதை அளப்பார்? ஆனால் மைல் கணக்கில் நீண்ட அந்தக் கரைக்கு மண் சுமந்தவர்கள் இருந்தார்களே. அவர்கள் பெயர் எந்தச் செப்பேட்டிலும் இல்லை. மன்னர்களாவது "தோற்ற மன்னர்கள்" என்ற அளவுக்குப் பதிவானார்கள். மண் சுமந்தவர்கள் தோற்கவும் இல்லை, ஜெயிக்கவும் இல்லை, சுமந்தார்கள்.

பின்னால் இந்த நிலைமை கொஞ்சம் முன்னேறியது என்றும் சொல்ல வேண்டும். இராஜேந்திரனின் மகள் வயிற்றுப் பேரன் முதலாம் குலோத்துங்கன். அவன் காலத்துக் கலிங்கப் போரை நடத்தியவர் கருணாகரத் தொண்டைமான். ஜெயங்கொண்டார் அந்தப் போரைக் கலிங்கத்துப்பரணியாகப் பாடியபோது பாட்டுடைத் தலைவன் மன்னன்தான் என்றாலும், படைத்தலைவரின் பெயரைச் சொல்லிவிட்டார். இரண்டு தலைமுறையில் இவ்வளவு மாற்றம். ஊழியர் பெயர் அறிக்கையில் வந்துவிட்டது. பரணி பாடிய புலவருக்கு மன்னன் பொன்னால் செய்த தேங்காயைப் பரிசாக உருட்டினான் என்று ஒரு செவிவழிக் கதை உண்டு. தொண்டைமானுக்குத் தேங்காய் உருண்டதாகக் கதைகூட இல்லை.

இரண்டாம் கேள்வி: அரைப் பங்கு யாருக்கு?

இதற்குத் தஞ்சாவூர் வரை போக வேண்டும். வேலையிடம் என்றால் சம்பளப் பட்டியல் இல்லாமலா? தமிழ்நாட்டிலேயே நீளமான சம்பளப் பட்டியல்களில் ஒன்று பெரிய கோயில் சுவரில் இருக்கிறது. இராஜராஜன் 1010இல் கட்டி முடித்த கோயில். அங்கே ஆடல் மகளிரான 400 தளிச்சேரிப் பெண்டுகளைக் கொண்டுவந்து குடியமர்த்தினான். யார், எந்த ஊர்க் கோயிலிலிருந்து மாற்றலாகி வந்தாள், எந்தத் தளிச்சேரியில், எந்தச் சிறகில், எத்தனையாவது வீடு என்பது வரை கல்லில் வெட்டியிருக்கிறார்கள். தபால்காரருக்கு வேலையே மிச்சம்.

கூலிக் கணக்கு இப்படி: ஒரு பங்கு என்றால் ஆண்டுக்கு 100 கலம் நெல். தளிச்சேரிப் பெண் ஒருத்திக்கு ஒரு பங்கு. 400 பேருக்கு 40,000 கலம். ஆடச் சொல்லித் தருகிற நட்டுவனாருக்கு இரண்டு பங்கு. நாவிதர் போன்றவர்களுக்கு அரைப் பங்கு. ஆனால் அரைப் பங்கு நாவிதருக்கு ஒரு பட்டம் கொடுத்திருந்தார்கள்: இராஜராஜப் பெருநாவிசன். சம்பளத்தை உயர்த்த முடியாதபோது பதவிப் பெயரை நீட்டுவது நம் காலத்து மனிதவளத் துறையின் கண்டுபிடிப்பு என்று நினைத்திருந்தேன். ஆயிரம் வருஷத்துப் பழக்கம். அந்த நாவிதர் வீட்டுக்குப் போய், "இந்த மாசம் நெல் வரலையே" என்று மனைவி கேட்டால், "நான் இராஜராஜப் பெருநாவிசன்" என்று பதில் சொல்லியிருப்பார். அதை உலையில் போட்டால் வேகுமா என்று அந்த அம்மாள் கேட்டிருப்பாள்.

பட்டியலில் ஒரு நல்ல விதியும் உண்டு. பங்கு பெறுகிறவர் இறந்துபோனாலோ ஊரைவிட்டுப் போனாலோ, அடுத்த உறவினர் அந்தப் பங்கை வாங்கிக்கொண்டு வேலையைச் செய்ய வேண்டும். அவருக்குத் தகுதி இல்லையென்றால் தகுதியுள்ள ஆளை அவரே அமர்த்த வேண்டும். கருணை அடிப்படையில் வேலை கேட்டு வருஷக்கணக்காக மனு போட்டுக் காத்திருக்கிறவர்கள் இந்தக் கல்வெட்டைப் படித்தால் பெருமூச்சு விடுவார்கள்.

இப்போது அந்தக் கோயிலில் ஆடிய நாடகத்துக்கு வருவோம். சுமார் 1057. கங்கைகொண்ட சோழபுரத்தில் அரியணையில் இருந்தவன் இரண்டாம் இராஜேந்திரன். இவன் பதவிக்கு வந்ததே ஒரு வேலையிடக் கதை. கொப்பத்துப் போரில் அண்ணன் இராஜாதிராஜன் யானை மேலேயே மாண்டான். தம்பி அதே போர்க்களத்தில் முடிசூட்டிக்கொண்டு சண்டையைத் தொடர்ந்து ஜெயித்தான். காலியிடம் அறிவிப்பு, விண்ணப்பம், நேர்முகம், நியமன உத்தரவு எல்லாம் ஒரே பகலில். இவ்வளவு வேகமாக நிரப்பப்பட்ட பணியிடம் தமிழ்நாட்டு அரசாங்க வரலாற்றில் வேறு கிடையாது.

அந்த இரண்டாம் இராஜேந்திரன் தஞ்சைக் கோயிலில் வைகாசிப் பெருவிழாவில் இராஜராஜேஸ்வர நாடகம் ஆட ஏற்பாடு செய்தான். ஆட வேண்டியவர் சாந்திக்கூத்தன் திருவாலன் திருமுதுகுன்றன் என்ற விஜயராஜேந்திர ஆசாரியன். பேரைச் சொல்லி முடிப்பதற்குள் முதல் காட்சி முடிந்துவிடும். அவருக்கு நாள் ஒன்றுக்கு ஒரு தூணி நெல் என்று நிவந்தம். நான்கு மரக்கால் ஒரு தூணி, மூன்று தூணி ஒரு கலம். ஆண்டுக்கு 120 கலம். அதுவும் அவருக்கு மட்டும் இல்லை, வழிவழியாக அவர் வம்சத்தாருக்கும்.

இங்கேதான் நான் கணக்குப் பார்க்க ஆரம்பித்தேன். தளிச்சேரிப் பெண் ஆண்டு முழுக்கக் கோயிலில் பணி செய்தால் 100 கலம். விஜயராஜேந்திர ஆசாரியன் வைகாசியில் மன்னனின் தாத்தா இராஜராஜன் புகழ் பாடும் நாடகம் ஆடினால் 120. அவர் கூட ஆடியவர்கள், மேளம் தட்டியவர்கள், முகத்தில் அரிதாரம் பூசிவிட்டவர்கள் எல்லாரும் அந்த 120 கலத்துக்குள்தான் பங்கு போட்டிருப்பார்கள் என்பது அவர் தரப்பு வாதம். இருக்கட்டும். ஆனால் கோயிலின் மூலைமுடுக்கில் விடியற்காலையில் விளக்கு ஏற்றுகிறவளைப் பற்றி யாராவது ஒரு நாடகம் எழுதினால் அதற்கு எத்தனை கலம் கிடைத்திருக்கும்? கிடைத்திருக்காது. மன்னரைப் பற்றிய நாடகத்துக்கு நிவந்தம். மற்றதற்கு விசாரணை.

சம்பளப் பட்டியலில் பேர் வந்தவர்களே பாக்கியசாலிகள். சோழர் கல்வெட்டுகளில் வரிகளை அடுக்கும் இடத்தில் வெட்டி, அமஞ்சி என்று வரும். ஊருக்கும் அரசுக்கும் கூலியில்லாமல் உடம்பால் செய்து கொடுக்க வேண்டிய வேலை. நெல்லாக வாங்கினால் நெல், காசாக வாங்கினால் காசு, இரண்டும் இல்லையென்றால் முதுகு. அரியலூர்ப் பக்கம் பூமியைத் தோண்டினால் சுண்ணாம்புக்கல் வரும், கடல் வாழ் உயிரினங்களின் படிவங்கள் வரும். கோயில் கட்டும் கருங்கல் வராது. அது வெளியிலிருந்துதான் வந்தாக வேண்டும். கங்கைகொண்ட சோழபுரத்து விமானம் சுமார் 55 மீட்டர் உயரம். அவ்வளவு கல்லும் வண்டி ஏறி, மாடு இழுத்து, ஆள் தள்ளி, சாரம் ஏறிப் போய் உட்கார்ந்திருக்கிறது. தள்ளிய ஆளுக்கு எத்தனை பங்கு என்று எழுத யாரும் உளியை எடுக்கவில்லை.

சிரிப்பு வராத ஒரு வரியையும் சொல்லிவிடுகிறேன். 1201இல், மூன்றாம் குலோத்துங்கன் ஆட்சியில், பஞ்சத்துக்குத் தப்ப ஒரு வேளாளரும் அவருடைய இரண்டு மகள்களும் திருப்பாம்புரம் கோயிலுக்குத் தங்களையே விற்றுக்கொண்டார்கள். விலை 110 காசு, மூன்று பேருக்கும் சேர்த்து. அதுவும் கல்லில் இருக்கிறது. சோழ அரசு கணக்கில் எதையும் விடவில்லை. கணக்கு சரியாக இருந்தால் நியாயம் இருந்ததாக அர்த்தமில்லை.

மூன்றாம் கேள்வி: வேலையிடத்து அநியாயத்தைத் தட்டிக்கேட்டு முதல் பரிசு வாங்கியவர் யார்?

இதற்கான விடை கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயில் சுவரிலேயே இருக்கிறது. வடக்கு வாசல் படிக்கட்டருகே போங்கள். ஒரு பக்கம் சரஸ்வதி. இன்னொரு பக்கம், தமிழ்நாட்டுச் சிற்பங்களிலேயே பெரும்பேர் பெற்ற பரிசளிப்பு விழா. சிவன் உட்கார்ந்திருக்கிறார், பக்கத்தில் உமை. கீழே ஒரு பையன் கைகூப்பிக் குனிந்திருக்கிறான். சிவன் தன் கையாலேயே அவன் தலையில் பூமாலையைச் சுற்றுகிறார். சண்டேச அனுக்கிரக மூர்த்தி. மாலை சுற்றும் அந்த விரல்களைக் கொஞ்ச நேரம் பாருங்கள். விழா மேடையில் புகைப்படக்காரரைப் பார்த்துக்கொண்டே பொன்னாடை போர்த்துகிறவர்களின் அவசரம் அதில் இல்லை. சாவகாசமாக, குழந்தைக்குத் தலை வாரிவிடுகிற தகப்பன் மாதிரி சுற்றுகிறார்.

இந்தப் பரிசுக்குப் பின்னால் இருக்கிற கதைதான் அசல் வேலையிட நாடகம். பெரியபுராணம் சொல்வது. மண்ணியாற்றங்கரையில் சேய்ஞலூர். எச்சதத்தன் என்பவரின் பிள்ளை விசாரசருமன். பாடசாலைப் பையன். ஒருநாள் கூடப் படிக்கும் பையன்களோடு போகும்போது, புதிதாக ஈன்ற பசு ஒன்று இடையனைக் கொம்பால் முட்டப் பார்த்தது. இடையன் கோலால் அதை அடித்தான். அடி வாங்கியது யார்? பால் கறந்து கொடுக்கிற ஊழியர். பிரசவம் முடிந்து விடுப்பில் இருக்க வேண்டிய ஊழியர். பையனுக்குப் பொறுக்கவில்லை. "இனி நீ மேய்க்க வேண்டாம், நானே மேய்க்கிறேன்" என்று வேலையைக் கையில் எடுத்துக்கொண்டான்.

கவனியுங்கள். அவன் மனு எழுதவில்லை. கண்டனக் கூட்டம் போடவில்லை. கோலை வாங்கிக்கொண்டான். மேய்ச்சலை மாற்றினான், நல்ல புல் இருக்கும் இடத்துக்கு ஓட்டிப் போனான், அடிப்பதை நிறுத்தினான். விளைவு? பசுக்கள் தாமாகவே பாலைச் சொரிந்தன. நிர்வாகவியல் படித்தவர்கள் இதை வைத்து ஒரு நாள் பயிற்சி வகுப்பே நடத்தலாம், மதியச் சாப்பாட்டோடு.

அவன் ஆற்று மணலில் இலிங்கம் செய்து அந்த உபரிப் பாலால் அபிஷேகம் செய்தான். வீட்டுக்காரர்களுக்குக் கறக்கும் பாலில் ஒரு குறையும் இல்லை. ஆனால் எந்த அலுவலகத்திலும் ஒருவர் இருப்பார், தன் வேலையைத் தவிர மற்ற எல்லார் வேலையையும் பார்க்கிறவர். அப்படி ஒரு ஆள் பார்த்துவிட்டு ஊருக்குள் வந்து ஓதினான்: "ஐயரு வீட்டுப் பையன் பாலை மண்ணுல ஊத்துறான்." ஊர்ச்சபை கூடியது. பால் குறைந்திருக்கிறதா என்று யாரும் அளந்து பார்க்கவில்லை. புகார் வந்துவிட்டது, அது போதும். எச்சதத்தனைக் கூப்பிட்டுக் கண்டித்து அனுப்பினார்கள்.

மறுநாள் எச்சதத்தன் களஆய்வுக்குப் புறப்பட்டார். நேரே போய் "என்னப்பா செய்கிறாய்?" என்று பிள்ளையைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஒரு குரா மரத்தின் மேல் ஏறி ஒளிந்துகொண்டு பார்த்தார். கண்காணிப்புக் கேமரா வருவதற்கு முன்பு மேலதிகாரிகள் மரம்தான் ஏற வேண்டியிருந்தது. வயதான காலத்தில் இடுப்பு வேட்டியை இழுத்துக் கட்டிக்கொண்டு கிளையில் உட்கார்ந்திருக்கும் எச்சதத்தனை மேடையில் காட்டினால் கைதட்டல் நிச்சயம்.

பையன் பாலைச் சொரிவதைப் பார்த்ததும் இறங்கி வந்து முதுகில் அடித்தார். பையன் திரும்பவில்லை. வேலையில் அப்படி ஒரு கவனம். கோபம் தலைக்கேறிப் பால் குடத்தைக் காலால் உதைத்தார். அப்போதுதான் அவன் நிமிர்ந்தான். கையருகே கிடந்த கோலை எடுத்தான், அது மழுவாக மாறியது, உதைத்த கால்கள் வெட்டுண்டன. இந்தக் காட்சியைக் குடும்பத்தோடு பார்க்கும் நாடகத்தில் எப்படிக் காட்டுவது என்று இன்னும் தீர்மானிக்கவில்லை. விளக்கை அணைத்துவிடலாம் என்று ஒரு கருத்து இருக்கிறது. மேலதிகாரியோடு தகராறு உள்ள வாசகர்களுக்கு ஓர் எச்சரிக்கை: இதைப் பின்பற்ற வேண்டாம். உங்கள் கையில் இருக்கும் பேனா மழுவாக மாறாது. அதற்குக் குற்றவியல் சட்டத்தில் விலக்கும் இல்லை.

பிறகுதான் பரிசு. சிவன் தோன்றித் தன் கொன்றை மாலையை எடுத்துச் சூட்டினார். தொண்டர்களுக்கெல்லாம் தலைவனாக்கினார். தான் உண்டது, உடுத்தது, சூடியது அனைத்தும் அவனுக்கே என்றார். அப்பனுக்கும் மன்னிப்பு கிடைத்தது, சிவலோகத்தில் இடமும் கிடைத்தது. அடித்தவர், அடிபட்டவர் இரண்டு பேருக்கும் பதவி உயர்வு கொடுத்து விவகாரத்தை முடிப்பது அன்றைக்கே நடைமுறையில் இருந்திருக்கிறது. ஊருக்குள் வத்தி வைத்தவன் மட்டும் எங்கேயோ நழுவிவிட்டான். அவன் பரம்பரை இன்று எல்லா அலுவலகத்திலும் இருக்கிறது. அந்தப் பசுவுக்கு என்ன ஆனது என்றும் கதையில் இல்லை. அடி வாங்கியது அது. நாடகம் தொடங்கியதே அதன் முதுகில். பரிசு மட்டும் அதன் பக்கம் வரவில்லை.

சண்டேசர் பிறகு என்ன செய்தார் என்பதையும் சொல்ல வேண்டும். அவர் சிவன் கோயிலின் கணக்கதிகாரி ஆனார். சோழர் காலத்தில் கோயில் நிலம் விற்றாலும் வாங்கினாலும் ஆவணம் ஆதிசண்டேசர் பெயரில்தான். இன்றும் சிவன் கோயிலில் அவர் சன்னதி முன்னால் மெல்லக் கை தட்டிவிட்டுப் போகிறோமே, கோயில் சொத்து எதையும் எடுத்துப் போகவில்லை என்று காட்டுவதற்காக என்று சொல்வார்கள். அநியாயத்தைக் கண்டு பொறுக்காத பையனைத் தணிக்கை அதிகாரி ஆக்கியது நல்ல யோசனை. அவர் எதிரில் கையை விரித்துக் காட்ட வேண்டியவர்களில் பாதிப்பேர் அந்தப் பக்கமே சுற்றுவதில்லை என்பது வேறு விஷயம்.

மாலை வாங்கும் அந்த உருவம் இராஜேந்திரனையே குறிக்கிறது என்று கலை வரலாற்றாசிரியர் சிலர் சொல்வதுண்டு. எனக்கு ஆச்சரியம் இல்லை. கங்கைக்குப் போகாமலே கங்கைகொண்டான் ஆனவருக்கு, மாடு மேய்க்காமலே இந்த மாலையும் கிடைத்திருக்கலாம்.

நான்காம் கேள்வி: செங்கல் சுவர் எங்கே?

சோழர்கள் போனார்கள். அரண்மனை மாளிகைமேடு என்ற மண்மேடாயிற்று. தோண்டினால் செங்கல் சுவரும் கூரை ஓட்டுச் சில்லும் வருகின்றன. கோயில் மட்டும் சுற்றிலும் கல் மதிலோடு நின்றது. 1836இல் கிழக்கிந்தியக் கம்பெனியார் கொள்ளிடத்தில் கீழணை கட்டினார்கள். அணைக்குக் கல் வேண்டும். கல் வெளியிலிருந்து வர வேண்டும், செலவு ஆகும். பக்கத்தில் பார்த்தால் எட்டுநூறு வருஷமாகச் சும்மா நிற்கும் ஒரு மதில். இன்னும் என்ன யோசனை? இடித்தார்கள். கோபுரத்துக் கல்லும் போயிற்று.

ஊர் ஜனங்கள் தடுக்கப் பார்த்தார்கள். தடுத்தவர்களுக்குத் தண்டனை கிடைத்தது. அவர்களைச் சமாதானப்படுத்தக் கம்பெனியார் ஒரு பரிசுத் திட்டம் அறிவித்தார்கள்: கல் மதிலைக் கொடுங்கள், பதிலுக்குச் செங்கல் மதில் கட்டித் தருகிறோம். பழைய பொருளுக்குப் புதிய பொருள். தள்ளுபடி விற்பனைக்காரர்கள் சொல்வது மாதிரியே இல்லையா? ஊரார் கல்லைக் கொடுத்தார்கள். கொடுத்தார்கள் என்றால், எடுத்துக்கொண்டு போனார்கள். செங்கல் மதில் வரவில்லை. அந்த வாக்குறுதி காப்பாற்றப்படவே இல்லை என்று அந்த நூற்றாண்டிலேயே ஆங்கிலத்தில் எழுதி அச்சிட்டும்விட்டார்கள்.

எனவே நான்காம் கேள்விக்குச் சரியான விடை: "வந்துகொண்டே இருக்கிறது."

பரிசு விவரம்

2004இல் யுனெஸ்கோ இந்தக் கோயிலை உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது. ஆடித் திருவாதிரைக்கு விழா நடக்கிறது. பெரிய மனிதர்கள் வருகிறார்கள், இராஜேந்திரன் பெருமையைப் பேசுகிறார்கள், கடாரம் போனதைச் சொல்கிறார்கள், பிறகு காரில் ஏறுகிறார்கள். அடுத்த நாள் விடியலில் காகிதத் தட்டையும் தண்ணீர்ப் புட்டியையும் பொறுக்கிக் கோணிப்பையில் போடுகிறவர்களை எந்தத் துண்டறிக்கையிலும் பார்க்க முடியாது. என் நாடகத்தின் கடைசிக் காட்சிக்கு வேஷம் கட்ட ஆள் தேட வேண்டியதில்லை.

அஞ்சலட்டைகள் வந்து சேரும்வரை ஒன்றைச் சொல்லி வைக்கிறேன். இராஜராஜேஸ்வர நாடகத்தின் ஒரு வரிகூட இன்று நம் கையில் இல்லை. வசனம் போயிற்று, பாட்டு போயிற்று, யார் என்ன வேஷம் கட்டினார்கள் என்பதும் போயிற்று. மிஞ்சியது கூலிக் கணக்கு மட்டும்: இன்னாருக்கு, நாள் ஒன்றுக்கு, ஒரு தூணி. மன்னன் புகழைவிட அந்தக் கணக்குக்கு ஆயுள் கெட்டி. அதனால் வேலையிடத்து அநியாயத்தைப் பற்றிப் புது நாடகம் போடப் போகிற எல்லாருக்கும் ஒரு வேண்டுகோள். பார்வையாளருக்குத் தங்கக் காசு, குலுக்கலில் ஸ்கூட்டர் எல்லாம் அப்புறம் அறிவிக்கலாம். திரை இழுக்கிற பையனுக்கும், விளக்குப் போடுகிறவருக்கும், மேடையைக் கூட்டுகிற அம்மாளுக்கும் எத்தனை என்று முதலில் எழுதுங்கள். எழுதியதை அன்றைக்கே கொடுத்துவிடுங்கள்.